குதிரைக்கு அஞ்சிய சிறுவனும் அவனை விளக்கியவர்களும்

பிறழ்நிலை உளவியல் பற்றிய பாடநூல் எதனை எடுத்தாலும் தொடக்கத்தில் ஓர் அதிகாரம் தவறாமல் இருக்கும். மனக் கோளாறுகளை விளக்கும் 'மாதிரிகள்' பற்றிய அதிகாரம் அது. மருத்துவ மாதிரி, உளப்பகுப்பு மாதிரி, நடத்தை மாதிரி, அறிதல் மாதிரி, சமூக மாதிரி என்று மருந்துக் கடை அலமாரிப் புட்டிகளைப் போல வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் நிறைகள் நான்கு, குறைகள் நான்கு என்று எழுதியிருப்பார்கள். மாணவர்களும் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். வகுப்பில் யாரேனும் ஒருவர் எழுந்து, "இவற்றுள் எது சரி, ஐயா?" என்று கேட்டால், "ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது, உட்கார்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இந்த விடை பணிவானதுதான். ஆனால் பயன் இல்லாதது. ஐந்து விளக்கங்களும் ஒருங்கே சரியாக இருக்குமானால், அவற்றுள் எதுவும் தவறாக இருக்க வழியே இல்லையென்றால், அவற்றை விளக்கம் என்று எப்படி ஏற்பது? நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. எந்த மாதிரியை நம்பும் மருத்துவரிடம் போய்ச் சேர்கிறோம் என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் சிகிச்சை அமைகிறது. சில வேளைகளில் அவருடைய தாய் தந்தையர் மேல் விழும் பழியும் அதைப் பொறுத்ததே.

ஆகவே இங்கே புட்டிகளை மீண்டும் அடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். உளவியல் வரலாற்றில் அவனைப் போல அடிக்கடி விவாதிக்கப்பட்ட குழந்தைகள் மிகச் சிலரே. பல கொள்கைகள் அவனைத் தமக்கே உரியவன் என்று பங்கு கேட்டிருக்கின்றன.

வியன்னாத் தெருவில் ஒரு குதிரை

1908-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். வியன்னா நகரின் தெருக்களில் அப்போது எங்கு நோக்கினும் குதிரை வண்டிகள். நாலே முக்கால் வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென்று தெருவில் இறங்க மறுத்தான். குதிரை கடித்துவிடும் என்று அழுதான். எல்லாக் குதிரைகளும் அவனை ஒரே அளவில் அச்சுறுத்தவில்லை. பார வண்டி இழுக்கும் குதிரைகள், கண்மறைப்புக் கட்டிய குதிரைகள், வாயருகே கருப்பாக ஏதோ தெரியும் குதிரைகள் ஆகியவற்றிடம்தான் அச்சம் மிகுதி. குதிரை தடுமாறிக் கீழே விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு.

சிறுவனின் தந்தை மாக்ஸ் கிராஃப் ஓர் இசை விமரிசகர். சிக்மண்ட் பிராய்டின் வீட்டில் புதன்கிழமைதோறும் கூடிய சிறு குழுவில் அவரும் ஒருவர். தாயார் முன்பு பிராய்டிடம் சிகிச்சை பெற்றவர். தந்தை தம் மகனுடைய பேச்சு, விளையாட்டு, கனவு எல்லாவற்றையும் குறித்து பிராய்டுக்கு அனுப்பிவந்தார். பிராய்ட் கூறிய வழிப்படி சிகிச்சை செய்தவரும் அவரே. சிகிச்சைக் காலத்தில் பிராய்ட் சிறுவனை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான், 1908 மார்ச் 30-ஆம் நாள். மறு ஆண்டே இந்த வரலாறு நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் ஆய்வுரையாக வெளிவந்தது. அதில் சிறுவனுக்கு பிராய்ட் இட்ட பெயர் ஹான்ஸ். அன்று முதல் அவன் 'சின்ன ஹான்ஸ்' ஆனான்.

பிராய்டின் விளக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். சிறுவனுக்குத் தாயிடம் அளவற்ற பற்று. அவளைத் தனக்கே உரியவளாக்கிக்கொள்ள விருப்பம். அதற்கு இடையூறு தந்தை. தந்தையை அவன் நேசிக்கவும் செய்கிறான், அவர் இல்லாமற் போகட்டும் என்று விரும்பவும் செய்கிறான். அந்த விருப்பத்துக்காகத் தந்தை தன்னைத் தண்டிப்பார் என்ற அச்சம் நனவிலி மனத்தில் புதைகிறது. தந்தைக்கு அஞ்சுவதாக ஒப்புக்கொள்ள முடியாத மனம், அந்த அச்சத்தைக் குதிரையின் மேல் ஏற்றிவிடுகிறது. குதிரையின் வாயருகே உள்ள கருப்பு, தந்தையின் மீசை. கண்மறைப்பு, தந்தையின் மூக்குக் கண்ணாடி. அவனுக்கு மூன்றரை வயதில் தங்கை பிறந்ததும், குறியைத் தொட்டு விளையாடினால் வைத்தியரைக் கொண்டு வெட்டிவிடச் செய்வேன் என்று தாய் ஒரு முறை மிரட்டியதும் இந்தச் சிக்கலை மேலும் இறுக்கின என்பது பிராய்டின் கருத்து.

இந்த ஆய்வுரையைப் படிப்பவர்கள் அதன் எழுத்துத் திறத்தில் மயங்காமல் இருக்க முடியாது. ஒரு குழந்தையின் பேச்சு இவ்வளவு பொறுமையுடன் காது கொடுத்துக் கேட்கப்பட்டது அக்காலத்தில் புதுமை. பயப்படும் பிள்ளையை அடித்துத் திருத்திய காலம் அது என்பதை மறக்கலாகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தந்தை கேட்ட கேள்விகளும் மகன் சொன்ன மறுமொழிகளும் பெரும்பாலும் அப்படியே அச்சிடப்பட்டிருக்கின்றன. பிராய்டை மறுப்பதற்கு வேண்டிய சான்றுகளை பிராய்டே நம் கையில் தந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேர்மைக்குத் தலை வணங்கிவிட்டு மேலே செல்வோம்.

கேள்வியிலேயே விடை

மறுப்பு முறையாக வந்தது 1960-இல். ஜோசப் வோல்ப்பே, ஸ்டான்லி ராக்மன் என்ற இரு தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இந்த ஒரே வரலாற்றை எடுத்து வரி வரியாகப் பிரித்துப் போட்டனர். அவர்களுடைய முதல் கேள்வி எளிமையானது: இவற்றையெல்லாம் சொன்னது யார்? குதிரை தந்தைக்கு நிகர் என்று ஹான்ஸ் தானாகச் சொல்லவில்லை. தாயின்மேல் உள்ள ஆசையால் தந்தைக்கு அஞ்சுகிறாய் என்று அவனிடம் சொன்னவர் பிராய்ட். கண்ணாடி பற்றியும் மீசை பற்றியும் கேள்வி எழுப்பியவரும் பிராய்டே. அந்தச் சந்திப்புக்குப் பிறகு, தந்தை அதே திசையில் கேள்விகளைத் தொடுத்துக்கொண்டே போகிறார். சிறுவன் சில வேளை மறுக்கிறான், சில வேளை களைத்துப்போய் ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்டால் கொள்கைக்குச் சான்று. மறுத்தால், மனம் உண்மையை ஏற்கத் தடை செய்கிறது என்பதால் அதுவும் கொள்கைக்குச் சான்று! ஆமென்றாலும் இல்லையென்றாலும் வெற்றி பெறும் ஒரு கொள்கையை எந்தச் சிறுவனாலும் தோற்கடிக்க முடியாது.

ஹான்ஸ் தானாகச் சொல்ல இயலாத பலவற்றை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க நேர்ந்தது என்பதை பிராய்டே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதனால் தம் முடிவு பாதிக்கப்படுவதாக அவர் கருதவில்லை. இங்கேதான் நாம் அவரிடமிருந்து விலக வேண்டியிருக்கிறது. ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை, தான் நேசிக்கும் தந்தையும், தந்தையே மதிக்கும் பேராசிரியரும் எதிர்பார்க்கும் விடையை ஊகித்துக்கொள்ளும். நம் வீட்டுக் குழந்தையிடம் "வயிறு வலிக்கிறதா? இங்கேயா? இங்கேயா?" என்று கேட்டுப் பார்த்தாலே இது விளங்கும்.

பிராய்டுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இருந்த நெருக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இச்சிறுவனின் மூன்றாவது பிறந்த நாளுக்கு பிராய்ட் ஒரு பரிசைத் தம் கையாலேயே மாடிப்படி ஏறித் தூக்கிக்கொண்டு வந்ததாக மாக்ஸ் கிராஃப் பிற்காலத்தில் எழுதினார். அந்தப் பரிசு ஓர் ஆடும் மரக் குதிரை! இதிலிருந்து எதையும் நிறுவ முடியாது. ஆயினும் குதிரைக்கு இத்தனை பொருள் தேடிய ஆய்வுரையில் இந்தக் குதிரைக்கு இடம் இல்லாமற் போனது வேடிக்கையே.

அப்படியானால் அச்சம் எங்கிருந்து வந்தது? வோல்ப்பேயும் ராக்மனும் அதே ஆய்வுரையிலிருந்தே விடை எடுத்தனர். நோய் தொடங்குவதற்குச் சற்று முன், தாயுடன் தெருவில் சென்றபோது, பயணிகள் வண்டி ஒன்றை இழுத்துவந்த பெரிய குதிரை ஹான்ஸின் கண்ணெதிரே விழுந்து கால்களை உதைத்துக்கொண்டது. அப்போதுதான் தனக்கு இந்த அசட்டுத்தனம் பிடித்தது என்று சிறுவனே சொல்கிறான். நிகழ்ச்சி நடந்ததைத் தாயும் உறுதி செய்கிறார். அதற்கு முன்பே, வெள்ளைக் குதிரையிடம் விரலை நீட்டாதே, கடித்துவிடும் என்று ஒருவர் தம் மகளை எச்சரித்ததை அவன் கேட்டிருக்கிறான். பிராய்ட் இதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் நோய் வெடிக்க வாய்த்த ஒரு தருணம் என்ற அளவில் ஒதுக்கிவிட்டார். நடத்தையியலாருக்கோ அதுவே காரணம் முழுவதும். அச்சம் தரும் நிகழ்ச்சியும் குதிரையும் ஒருங்கே வந்தன. தூண்டலோடு துலங்கல் இணைந்தது. பாவ்லவின் நாய்க்கு மணியோசையில் எச்சில் ஊறியது போலவே இதுவும்.

வெற்றி பெற்றவர்களின் பலவீனம்

பல பாடநூல்கள் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன. பிராய்ட் தோற்றார், நடத்தையியல் வென்றது என்ற தோற்றம் ஏற்படுகிறது. ஆனால் பிராய்டின் மேல் வீசிய அதே கல்லை இவர்கள் மேலும் வீசிப் பார்ப்பதுதானே நியாயம்?

இவர்களும் ஒற்றைச் சிறுவனின் வரலாற்றிலிருந்து, அவனைப் பார்க்காமலே, தங்கள் கொள்கைக்கு ஏற்ற ஒரு நிகழ்ச்சியைப் பொறுக்கி எடுத்தவர்கள்தாம். குதிரைகள் நிறைந்த வியன்னாவில் குதிரை விழுவதைப் பார்த்த குழந்தைகள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குள் முடங்கினர்?

இதற்கு நடத்தையியலார் காட்டும் சான்று புகழ்பெற்ற 'சின்ன ஆல்பர்ட்' சோதனை. 1920-இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் வெளியிட்டது. பதினொரு மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போது அதன் பின்னால் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறைக்குப் பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலையும் கம்பளி மயிர் மேலங்கியையும் கண்டும் கலங்கியது. அந்த அச்சத்தை நீக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டனர் என்பது அறிவியலுக்கு ஏற்பட்ட ஒரு களங்கம். அந்தக் குழந்தை யார், பின்பு என்ன ஆனது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அறத்தை விட்டு அறிவியலை மட்டும் பார்த்தாலும், சோதிக்கப்பட்டது ஒரே ஒரு குழந்தை. 1934-இல் எல்சி பிரெக்மன் பல குழந்தைகளிடம் மரத்துண்டு, திரைத்துணி போன்ற பொருள்களைக் கொண்டு இதே முறையில் அச்சத்தை ஊட்ட முயன்றார். அச்சம் ஒட்டவில்லை.

ஆக, எதனோடு எதையும் இணைத்துவிட முடியாது. 1971-இல் மார்ட்டின் செலிக்மன் ஒரு கருத்தைச் சொன்னார்: பாம்பு, உயரம், இருள் போன்று முன்னோரின் உயிருக்கு ஊறு விளைத்தவற்றிடம் அச்சம் எளிதில் படிய நம் உடலே ஆயத்தமாக உள்ளது. மின்செருகி நம்மில் பலரை அதிரவைத்திருக்கிறது, ஆனால் மின்செருகியைக் கண்டு நடுங்குவோரைக் காண்பது அரிது. 1980-களில் சூசன் மினெக்காவும் உடன் ஆய்வாளர்களும் ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். மற்றொரு குரங்கு பாம்புக்கு அஞ்சுவதைப் பார்த்த குரங்குகள் தாமும் பாம்புக்கு அஞ்சக் கற்றன. படத்தைத் திருத்தி, குரங்கு பூவுக்கு அஞ்சுவதுபோல் காட்டியபோது, பூவிடம் அச்சம் பிறக்கவில்லை. கவனிக்கவும்: இங்கே எந்தக் குரங்கையும் பாம்பு கடிக்கவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டன.

இவ்வாதத்தில் மிகவும் பாராட்டத்தக்க செயலைச் செய்தவர் ராக்மன். பிராய்டை மறுத்த அதே ராக்மன், 1977-இல் தம்முடைய சொந்தக் கொள்கையையே கூண்டில் ஏற்றினார். இரண்டாம் உலகப் போரில் விமானக் குண்டு வீச்சுக்கு ஆளான மக்களில் பெரும்பாலோர் நீடித்த அச்ச நோய்க்கு ஆளாகவில்லை. மறு பக்கத்தில், அச்ச நோயாளிகள் பலருக்குத் தொடக்க நிகழ்ச்சி எதுவும் நினைவில் இல்லை. எனவே நேரடி அனுபவம், பிறரைப் பார்த்தல், பிறர் சொல்லக் கேட்டல் என்று அச்சம் வரும் வழிகள் மூன்று என அவர் திருத்தினார். வெள்ளைக் குதிரை கடிக்கும் என்ற எச்சரிக்கையை ஹான்ஸ் கேட்டது இப்போது புதிய பொருள் பெறுகிறது. தம் கொள்கையின் ஓட்டையைத் தாமே காட்டும் ஆய்வாளர்கள் எந்த முகாமிலும் அதிகம் இல்லை.

மூன்றாவதாக ஒருவரும் வந்தார். 1973-இல் ஜான் பௌல்பி, ஹான்ஸின் நோய் தொடங்கிய நாள்களை மீண்டும் படித்துக் காட்டினார். குதிரைப் பேச்சு வருவதற்கு முன்பே சிறுவன் ஒரு நாள் காலை அழுதுகொண்டே எழுகிறான். அம்மா போய்விட்டதாகக் கனவு. விட்டுப் போய்விடுவேன் என்று தாய் அவனை மிரட்டியதற்கும் குறிப்பு இருக்கிறது. அப்படியென்றால் முதல் அச்சம் பிரிவச்சம். குதிரை பின்னால் வந்து சேர்ந்தது. நன்றாகவே பொருந்துகிறது. பிரச்சினையும் அதுதான். மூன்று விளக்கங்களும் ஒரே ஆய்வுரையில் நன்றாகப் பொருந்துகின்றன. ஒரு வரலாற்றை விளக்கிக் காட்டுவதற்கும் ஒரு கொள்கையைச் சோதிப்பதற்கும் உள்ள தூரத்தை ஹான்ஸைப் போல வேறு யாரும் நமக்குக் காட்டவில்லை.

குணமானால் கொள்கை சரியா?

1908 மே மாதத்துக்குள் ஹான்ஸ் தேறினான். பிராய்டின் அன்பர்கள் இறுதியாகக் கைகாட்டுவது இதைத்தான். ஆனால் அந்த மாதங்களில் வேறு என்னவெல்லாம் நடந்தன? வீட்டுக்கு எதிரே வரி அலுவலகத்தின் சரக்குக் கிடங்கு. நாள் முழுவதும் குதிரை வண்டிகள் வந்து போயின. சிறுவன் முதலில் வாயிலில் நின்று பார்த்தான், பிறகு சற்று வெளியே, பிறகு தெருவில். அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்வதே இன்று அச்ச நோய்க்கு மிகச் சிறந்த சிகிச்சை. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்ற குழந்தைக்கு உணவூட்டியவாறே முயலை நாளுக்கு நாள் அருகில் கொண்டுவந்து முயலச்சத்தைப் போக்கினாரே, அதே முறை. குழந்தைகளின் அச்சங்கள் பல தாமாகவே மறைகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், பேராசிரியரின் விளக்கத்தால்தான் சிறுவன் தேறினான் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

இந்தத் தவறு பிராய்டுக்கு மட்டும் உரியதன்று. வோல்ப்பே 1958-இல் வகுத்த சிகிச்சையில், உடலைத் தளர்த்திக்கொண்டு அஞ்சும் காட்சிகளைப் படிப்படியாகக் கற்பனை செய்ய வேண்டும். தளர்வு அச்சத்தை அடக்குகிறது என்பது அவர் கொள்கை. சிகிச்சை பயன் தந்தது. பின்னர் தளர்வுப் பயிற்சி இல்லாமலே எதிர்கொள்ளச் செய்து பார்த்தனர். அதுவும் பயன் தந்தது. சிகிச்சை நின்றது, கொள்கை ஆட்டம் கண்டது.

மருத்துவ மாதிரியிலும் இதே கதை. 1952-இல் நியூயார்க் நகரின் ஒரு காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற மருந்தைப் பெற்ற நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகம் அடைந்தனர். மனச்சோர்வுக்கு மருந்து இப்படித் தற்செயலாகக் கிடைத்தது. இத்தகைய மருந்துகள் மூளையில் சில வேதிப் பொருள்களைக் கூட்டுகின்றன என்று அறிந்த பின், அவற்றின் குறைவே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை 1960-களில் எழுந்தது. மருந்து முன்னே, கொள்கை பின்னே. ஆஸ்பிரின் தின்றால் தலைவலி போகிறது. ஆகவே உடலில் ஆஸ்பிரின் குறைந்ததால் தலைவலி வந்தது என்போமா? 2022-இல் வெளியான விரிவான மறு ஆய்வு ஒன்று, செரட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கூறியது. அதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தியவர்கள் மறு பக்கத்துப் பிழையைச் செய்தவர்கள். கொள்கை ஆட்டம் கண்டதால் மருந்து பயனற்றதாகிவிடாது. 522 சோதனைகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலானவை என்றே கண்டது. மருந்தை நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

தவறான மாதிரிக்கு விலை கொடுப்பவர்கள் யார்? தற்சிந்தனை நோய் என்று அன்று நம்மவர் எழுதிய ஆட்டிசத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1943-இல் லியோ கானர் இதை முதலில் விவரித்தார். பெற்றோரின் குளிர்ந்த மனமே குழந்தையை இப்படி ஆக்கியது என்ற கருத்து பின்னர் வேரூன்றியது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதைப் பரப்பியது. இரவு பகலாக அந்தப் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்த தாய்மார்கள், நோய்க்கும் தாங்களே காரணம் என்று கேட்க நேர்ந்தது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலார் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இலேயே உயிரியல் சான்றுகளைக் காட்டி மறுத்தார். 1969-இல் கானரும் பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவித்தார். இடையில் கழிந்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் முடியவில்லை.

எல்லாம் சேர்ந்தது என்பது விடையா?

1977-இல் ஜார்ஜ் எங்கெல் என்ற அமெரிக்க மருத்துவர், உடல், உள்ளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரியை முன்வைத்தார். மருத்துவர்கள் நோயை மட்டும் பார்த்து நோயாளியை மறந்த காலத்தில் அது தேவையான குரல்தான். ஆனால் இன்று அது பல இடங்களில் வகுப்பறை விடையின் வேறு வடிவமாகிவிட்டது. எல்லாவற்றிலும் கொஞ்சம் என்றால் எதை முதலில் செய்வது? சமையலில் உப்பும் புளியும் காரமும் வேண்டும் என்பது யாருக்கும் தெரியும்; எந்தக் குழம்புக்கு எது எவ்வளவு என்பதல்லவா கேள்வி?

அச்ச நோயிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. நாயையோ பாம்பையோ கண்டு அஞ்சுபவருக்கு இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். மயங்கி விழ மாட்டார். இரத்தத்தையோ ஊசியையோ கண்டு அஞ்சுபவர்களில் பலருக்கு நிலை வேறு. முதலில் ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, மூளைக்குக் குருதி குறைந்து மயங்கி விழுகிறார். இது குடும்பங்களில் தொடர்ந்து காணப்படுவதும் உண்டு. பழைய மாதிரிப்படி இவரிடம் 'உடலைத் தளர்த்திக்கொள்ளுங்கள்' என்றால், விழப் போகிறவரை நாமே தள்ளிவிட்டதாகும்.

சுவீடன் நாட்டு லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980-களில் இதற்கு நேர்மாறான பயிற்சியை வகுத்தார். கை, கால், உடம்புத் தசைகளை ஒருசேர இறுக்கி, முகத்தில் வெம்மை ஏறும் வரை பத்துப் பதினைந்து வினாடி பிடித்திருக்க வேண்டும். பிறகு முழுவதும் தளர்ந்துவிடாமல் இயல்பு நிலைக்கு வந்து, அரை நிமிடம் போல் பொறுத்து மீண்டும் இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. பழகிய பின் இரத்தம் தோய்ந்த காட்சிகளைப் படிப்படியாகப் பார்க்கச் செய்து, தலை சுற்றுவதற்கான முதல் அறிகுறி தெரிந்தவுடன் இறுக்கப் பழக்குகிறார்கள். நான்கைந்து அமர்வுகளிலேயே பலர் தேறிவிடுகின்றனர். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது. மற்றவர்கள், இரத்தம் கொடுக்கப் போய் மயங்கி விழுந்த நண்பர் யாரேனும் இருந்தால், அவருக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

ஹான்ஸின் உண்மைப் பெயர் ஹெர்பர்ட் கிராஃப். பத்தொன்பது வயதில், 1922-இல், அவர் பிராய்டைப் போய்ப் பார்த்தார். தம்மைப் பற்றிய ஆய்வுரையைப் படித்தபோது அது யாரோ ஒருவரைப் பற்றியதாகவே தோன்றியதாம். குதிரைகளோ அச்சமோ எதுவும் நினைவில் இல்லை. பிற்காலத்தில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் நீண்ட காலம் மேடை இயக்குநராகப் பணியாற்றி, 1973-இல் காலமானார்.